நூற்றுக்குப் பதினான்கு

வலது நுரையீரல், மேல் மடல்.
எட்டு மில்லிமீட்டர்.
தோட்டின் நடுக்கல் அளவு.
விளிம்பு வழவழப்பாய் இல்லை என்றார் டாக்டர் நஸ்ரின்,
லேசாய் முள் முள்ளாய்.
அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதாம்.

வயது ஐம்பத்தாறு.
புகை? இல்லை.
குடும்பத்தில் யாருக்காவது?
பினாங்கில் இறந்த அம்மானுக்கு என்னவென்று
யாரும் சொன்னதில்லை,
இருமினார் என்பதைத் தவிர.
ஒவ்வொன்றாய்த் தட்டினார்.
கணினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை:
நூற்றுக்குப் பதினான்கு.

நகைக் கடன் சீட்டில் தினமும் நான் எழுதும் வட்டி அது.
அதற்குப் பயந்து
கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர் எவருமில்லை.

காரைக்குடியிலிருந்து திரும்பும்போது
பஸ்ஸில் தலைகளை எண்ணினேன்.
ஐம்பது பேர். அப்படியென்றால் ஏழு.
டிரைவரை விட்டுவிட்டேன், வண்டி போய்ச் சேர வேண்டுமே.
மீன் கூடைக்காரி வேண்டாம்.
தூங்கும் கான்ஸ்டபிள், பாவம்.
கல்லூரிப் பிள்ளைகள் மூவர், சேச்சே.
இப்படிக் கழித்துக் கழித்து
தேவகோட்டை ரஸ்தா வருவதற்குள்
ஜன்னலோரம் நான் ஒருத்திதான் மிச்சம்.

பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.
இருந்தது ஒன்று,
பன்னிரண்டு வருஷம் முன்னால் சிங்கப்பூர் விசாவுக்கு எடுத்தது,
பெரிய வீட்டில், இரண்டாங்கட்டு அறையில்.
பதினோரு பங்கு அந்த வீட்டில்.
அறைச் சாவி கோயம்புத்தூரில், கொழுந்தனிடம்.
கூரியரில் வர நான்கு நாள்.
கல்யாண ஜமுக்காளங்களுக்கு அடியில்
காக்கி உறைக்குள் கிடந்தது என் நெஞ்சு.

வளவில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
விலா எலும்புகள்.
கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த
சங்கிலியின் வெள்ளைக் கோடு.
மேலே, வலப்பக்கம், ஒன்றுமே இல்லை.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

"இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தோஷம்,"
என்றார் நஸ்ரின்.
"அன்றும் இருந்து, இன்றும் அதே அளவென்றால்
நிம்மதியாய் விட்டிருப்பேன்.
எக்ஸ்ரேயில் இவ்வளவு சின்னது தெரியாது, உமையாள்.
இருந்தும் இருக்கலாம்."
ஊசியால் குத்தி எடுக்கவும் சிறியதாம்.
மூன்று மாதம். வளர்கிறதா பார்ப்போம்.
தை இருபத்திரண்டு என்று
காலண்டரில் நானே வட்டம் போட்டேன்,
கொஞ்சம் கோணலாய்.

இன்று கவுண்டரில் ஒரு ஜோடித் தோடு.
கல்லின் எடையைக் கழித்துத்தான் மதிப்புப் போடுவோம்,
அளவு எங்களுக்குத் தேவையே இல்லை.
ஆனாலும் டிராயரைத் திறந்து
அளவுகோலை எடுத்தேன்.
எட்டரை.

"என்னக்கா, கல்லில் ஏதும் குறையா?"
"இல்லம்மா," என்றேன்.
"இங்கே கையெழுத்து."