ஒன்பதில் ஒன்று

இருபதாவது கொண்டை ஊசி வளைவில் அடைத்த காது
ஏற்காடு ஏரிக்கரையில்தான் திறந்தது.
முதலில் உள்ளே நுழைந்தது சேர்வராயன் குரல்:
"பழசு பழசுதான் சார். புதுசெல்லாம் பிளாஸ்டிக்."

நான் சேலத்திலிருந்து வந்தவன்.
கழிக்க வேண்டிய சாமான்களுக்குக் கையெழுத்துப் போடுவது
என் உத்தியோகம்.
மேசை, நாற்காலி, மின்விசிறி என்று போட்டுப் பழகிய கை.
மோட்டாருக்கு இதுதான் முதல் தடவை.

எண்பத்தேழில் வாங்கியது ஒன்று.
வாங்கி நாலு வருஷம் ஆனது ஒன்று.
படகுத்துறை எழுதியிருந்தது:
நாலு வருஷத்தைக் கழிக்கவும்.
எண்பத்தேழு இருக்கட்டும்.

கயிற்றைச் சுண்டினான், மூன்று முறை ஒன்றுமில்லை.
நாலாவதில் இருமி,
ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது.
நீலப் புகை ஏரி மேல் போய்ப் படுத்தது.
மிதிபடகில் இருந்த புதுப்பெண்
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.
இவன் முகத்தில் மட்டும்
பிள்ளை பாஸான களை.

புதியது கொட்டகையில், தார்ப்பாய்க்குள்.
பித்தானை அமுக்கினால் மூன்று முறை கூவுகிறது,
பிறகு மௌனம்.
"என்ன சொல்லுதுன்னு லேப்டாப்புக்குத்தான் தெரியும்.
லேப்டாப்காரர் கோயமுத்தூர்ல இருக்காரு.
ஏறி வந்து இறங்க ஆறாயிரம்."

பழையதின் மூடியைக் கழற்றச் சொன்னேன்.
பிஸ்டன் மாற்றியது மூணு தடவை.
கார்புரேட்டர் வேறொரு மோட்டாருடையது.
தண்டு, சூரமங்கலத்து லேத்தில் கடைந்தது.
விசிறியில் ஓர் இதழ் ஒட்டு வைத்தது,
அதனால்தான் கொஞ்சம் நொண்டிச் சுற்றுகிறது.
"அப்போ இதில் எண்பத்தேழு எது?"
யோசித்தான். துணியால் துடைத்து
எண் பொறித்த தகட்டைக் காட்டினான்.
அதன் ஆணிகளும் புதுசு.

பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன்.
கரப்பான் தின்ற ஓரம், பச்சை மை.
அந்த வருஷம் வந்திறங்கியவை ஒன்பது.
முதல் ஐப்பசியிலேயே ஒன்று
கட்டு அவிழ்ந்து ஏரிக்குள் போயிருக்கிறது,
இன்னும் அங்கேதான்.
இரண்டு, பிஸ்டன் இறுகி.
பெட்டி பிளந்தது, திருடு போனது,
காரணம் எழுதாமல் கோடு மட்டும் இழுத்தது.
மிச்சத்தைச் செவ்வாய்ப்பேட்டை இரும்புக்காரர்
எடை போட்டு எடுத்துப் போயிருக்கிறார்.
யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்,
என்னுடையதைப் போலவே அவசரமாய்.

எட்டும் செத்துப்போனதால்
எட்டுக்கும் பேச்சில்லை.
உயிரோடிருக்கும் ஒன்றுதான் வருஷா வருஷம்
எழுந்து நின்று சாட்சி சொல்கிறது:
அந்தக் காலத்து மோட்டார் உழைக்கும் சார்.

சேர்வராயன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
குரங்கு ஒன்று ஸ்பானரைத் தொட்டுப் பார்த்துப் போனது.
"சரி, இதைத் திறப்போம்" என்றேன் புதியதைக் காட்டி.
"திறந்தா வாரண்டி போயிடும்னாங்க."
"எப்போது முடிந்தது?"
"போன ஆடியில."
நாலு வருஷமாய் ஒரு கையும் படாமல்
சாமியைப் போல் பூட்டிக் கிடந்திருக்கிறது.
சர்வீஸ் புத்தகம் இன்னும் பாலிதீன் உறைக்குள்.

டேங்கிலிருந்து சோடா பாட்டிலில் பிடித்தோம்.
மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல் தண்ணீர்.
இம்பெல்லரின் ரப்பர்
அமுக்கினால் அப்பளம்போல் உடைந்தது.
இருந்தாலும் பிளாஸ்டிக் என்று அவன் சொன்னது
பொய்யும் இல்லை:
ஒரு கொக்கியை நெம்பும்போது என் கையோடு வந்துவிட்டது,
அதற்குத் தனியாக உதிரி கிடையாதாம்,
மூடியோடுதான் வாங்க வேண்டுமாம்.

ஊற்றிக் கழுவி, புது ரப்பர் போட்டு,
புது பெட்ரோல் விட்டு
பித்தானை அமுக்கினான்.
இரண்டு முறை கூவியது.

"ஒண்ணு கொறஞ்சிருக்கு சார்" என்றான்,
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து.

கழிக்கும் காரணம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டுக் கீழே இறங்கினேன்.
எத்தனையாவது வளைவில் காது மறுபடி அடைத்தது என்று
எண்ணவில்லை.
அடைத்த காதுக்குள்
இரண்டு கூவல்,
ஓர் இடைவெளி,
இரண்டு கூவல்.