ஏழாம் வரிசையில் ஜன்னல் இல்லை

முதலில் கழிப்பறை எங்கே என்று பார்க்க வேண்டும்.
அடுத்து சமையலறை.
அடுத்து, குழந்தைத் தொட்டில் மாட்டும் சுவர்.
மூன்றுக்கும் எட்டாத தூரத்தில்
மிச்சமிருப்பவை ஆறோ ஏழோ.
அவற்றுக்குத்தான் அடிதடி.

வால்வு செய்யும் கம்பெனி எங்களுடையது.
சாந்தியாகோவில் ஒன்று கசிந்தால்
வூப்பர்டாலிலிருந்து ஒருவர் பறந்தாக வேண்டும்,
படுத்துத் தூங்கியபடி.
எங்கே படுப்பார் என்பதை
மூன்றாம் மாடியில், ஆறிப்போன காபியோடு
இருபத்தாறு வருடமாக முடிவுசெய்பவள்
ரோஸ்விதா ஆகிய நான்.

ப்ரென்னெக்கேவுக்குக் கால் நீளம்.
முதல் வரிசையில் மட்டும்தான் காலுக்கு இடம்,
மற்றதெல்லாம் செருப்புப் பெட்டிக்குள் பாதத்தைத் திணிப்பது.
டாக்டர் ஷ்டுக்கன்பெர்க் ராத்திரி நாலு தரம் எழுவார்.
நடைபாதை ஓரம்,
ஆனால் தள்ளுவண்டி முழங்கையை இடிக்காத ஓரம்.
சட்டப் பிரிவின் இரண்டு பெண்மணிகளுக்குள்
பேச்சுவார்த்தை கிடையாது.
நடு வரிசையில், இரட்டைப்படை எண்ணென்றால்
இடையே இரண்டு மேசை.
ஒற்றைப்படையென்றால் தோளோடு தோள்,
தேனிலவு இருக்கை என்போம்.
ஒருமுறை கை தவறி, ஒசாகாவரைக்கும்
ஒற்றைப்படை போட்டுவிட்டேன்.
தடுப்புப் பலகையும் பழுதாம்.
திரும்பி வந்தபோது
நீங்கள் போய் நீ ஆகியிருந்தது.

லூடெக்கேயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு நவம்பரில் ஈரக் கோட்டை
என் மேசைமேல் எறிந்துவிட்டு,
“உங்களுக்கென்ன, பட்டனைத் தட்டுகிற வேலைதானே” என்றார்.
தட்டினேன்.
ஏழு கே.
வரைபடத்தில் ஜன்னலோரம்,
உட்கார்ந்தால் வெறும் பிளாஸ்டிக் சுவர்.
உள்ளே ஏதோ காற்றுக்குழாய் போகிறது.
முதுகுக்குப் பின்னால் கழிப்பறைக் கதவு.
ஜோகன்னஸ்பர்க்வரை பத்தரை மணி நேரம்.

அன்றிரவு தூங்காதவள் நான்.

அவரோ வந்து நின்று சொன்னார்:
“குழந்தைபோலத் தூங்கினேன்.
எப்போதும் அதையே போடுங்கள்.”
பதினோரு வருடம் போட்டேன்.
கடைசி நாளன்று கையைக் குலுக்கி,
வேறெதுவும் சொல்லத் தெரியாதவராய்,
“என் சுவர்” என்றார்.

இப்போது என் முறை.
காலாவதியாகக் கிடந்த கம்பெனி மைல்களை
எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது கணக்குப் பிரிவு.
வான்கூவரில் எனக்கு யாரையும் தெரியாது.
அந்த மைல்களுக்குக் கிடைத்ததிலேயே
அதுதான் நீளமான பயணம்.

வரைபடத்தைத் திறந்தேன்.
பச்சைக் கட்டங்கள் அத்தனையும்
பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் எனக்கு.
நாற்பது நிமிடம் ஆகியும் ஒன்றையும் தொடவில்லை.
நான் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவேன்?
ராத்திரி எத்தனை தரம் எழுவேன்?
கேட்டுச் சொல்ல வீட்டில் ஆளில்லை.
என் கால் நீளமா என்று
மேசைக்கடியில் நீட்டிப் பார்த்தேன்.
நடுத்தரம்.

எங்கள் ஊர் ரயில்
தண்டவாளத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு
ஆற்றின்மீது தொங்கியபடி போகும்.
கடைசிப் பெட்டியின் பின் கண்ணாடியோடு
ஒட்டி நிற்பேன் தினமும்.
வருவது எதுவும் தெரியாது.
பாலம், வாத்துகள், பழைய சாயப்பட்டறைச் சுவர்
எல்லாம் கடந்தபின்புதான் தெரியும்,
சிறுத்துக்கொண்டே.

அந்த விமானத்தில் பின்னோக்கிய இருக்கைகள் உண்டு.
ஒருவருக்கும் நான் போட்டதில்லை.
ஏறும்போது உடம்பு பெல்ட்டில் தொங்கும்,
வயிறு புரளும், புகார் வரும்.
ஓடுபாதை முழுவதும்
முகத்தைவிட்டு விலகிப்போகும்.

நாலு ஏ.

‘மாற்ற விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது திரை.
அணைத்துவிட்டு ஆறு மணி ரயிலுக்கு ஓடினேன்.
பின் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி
ஒரு பையன்.
என் இடம்.
காத்திருந்தேன்.
அட்லர் பாலத்தில் இறங்கிக்கொண்டான்,
கண்ணாடியில் ஒரு வட்டம்
மூச்சாக விட்டுவிட்டு.