ஓர் அங்குலத்துக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,
தாங்கள் அனுப்பிய மெமோ கிடைத்தது.
தாழைக்கரை மதகில், ஆனி பத்தொன்பது இரவு,
அளவுகோலில் ஓர் அங்குலம் குறைந்தது உண்மை.
யாரும் திருடவில்லை.
ஏழாம் கண்ணைத் திறந்தது நான்,
லஸ்கர் பக்கிரிசாமி.

அந்தக் கண்ணில் ஆள் இருக்கிறார்கள், ஐயா.
ஷட்டர் இறங்கி உட்காரும் பள்ளத்தில், பாசிக்குப் பின்னால்,
சாண் உயரம்கூட வராத ஒரு குடி.
மடையர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.
சிரிக்க வேண்டாம்.
மடையில் இருப்பவர்கள் வேறென்ன பெயர் வைத்துக்கொள்வார்கள்?
என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், மரியாதையாக.
தாங்களும் கூப்பிடுவதுண்டு. அது வேறு.

அவர்களுக்கு அடுப்பு கிடையாது.
பகல் மூன்று மணிக்குப் பாலத்தின் அடிவயிற்றில்
தண்ணீரிலிருந்து எகிறி ஒரு வெளிச்சம் ஆடுமே,
அதை உரித்து, கெண்டை முள்ளில் கோத்துக் காயவைக்கிறார்கள்.
ஐப்பசி அடைமழைக்கு அதுதான் சோறு.
கிரீஸ் டப்பா மூடியில் எனக்கும் ஒரு துண்டு வைத்தார்கள்.
புளித்த மோரும் பித்தளையும் கலந்த ருசி.
அன்றிரவு முழுக்க என் வயிறு மினுக்கியது.
போர்வைக்கு வெளியே தெரிந்ததற்கு என் சம்சாரம் சாட்சி.

கல்யாணத்துக்குத் தாலி இல்லை.
தண்ணீரில் விழும் முகத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.
அவள் குனிந்தால் அவன் தெரிவான்.
சண்டை வந்தால் திருப்பிக் கொடுப்பதும் இல்லை, வைத்துக்கொள்வதும் இல்லை;
சமாதானம் ஆகும்வரை குனிந்த இடத்தில் வெறும் வானம்.
அந்த நாட்களில் பொட்டு வைத்துவிடுவது
பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு.

இதெல்லாம் மெமோவுக்குச் சம்பந்தமில்லாதது.
சம்பந்தமுள்ளது அவர்கள் பேச்சு.
தண்ணீர் ஓடினால்தான் அவர்களுக்கு வினைச்சொல் வரும்.
தையில் மேட்டூரை அடைத்து, கடைசி ஈரமும் காய்ந்துவிட்டால்
பெயர்கள் மட்டும் மிச்சம்.
கல். வெயில். நண்டு. மாமியார். உப்பு.
ஒரு குடியே மாதக்கணக்கில் இப்படிப் பேசுவதை
ராத்திரி டியூட்டியில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.
சண்டைகூட அவ்வளவுதான்: நீ. நீ. நீ.
புதுத்தண்ணீர் வந்ததும் முதல் வினை
பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொந்தம்.
போன வருஷம் ஒருத்தி ‘தும்மினேன்’ என்றாள்.
மூன்று நாள் கும்மாளம்.

இந்தத் தையில், நுரைச்சி என்கிற பெண்
கெளுத்தன் என்பவனைப் பார்த்து
‘நான் உன்னை’ என்று ஆரம்பித்தாள்.
அந்த நேரம் பார்த்து, தங்கள் உத்தரவுப்படி,
நான் ஷட்டரை இறக்கினேன்.

வினை வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்திருப்பது
யார் குற்றமென்று எனக்குத் தெரியவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி.
தன் முகத்தை அவன் சாம்பல் போட்டுத் தேய்த்தான்.
பங்கு வெளிச்சத்தைத் தொடாமல் பட்டினி கிடந்தான்.
அவள் நண்டு வளையோரம்
நான். உன்னை. நான். உன்னை.
கேட்கிறவனுக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனியில் தண்ணீர் வந்து கதவுக்கு மேலே மூன்றடி நின்றது.
முறை வேறு ஆற்றுக்கு, நமக்கு இன்னும் ஆறு நாள்
என்றது வயர்லெஸ்.
கதவுக்கு அந்தப் பக்கம் வினை. இந்தப் பக்கம் அவள்.
திருகைச் சுற்றினேன்.
ஓர் அங்குலம்.

‘கட்டிக்கொள்ள மாட்டேன்’ என்றாள்.

கெளுத்தன் கொஞ்சநேரம் நின்றான்.
பிறகு, சேர்த்து வைத்த வெளிச்சத்தைப் பிரித்து
அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான்.
அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.
விடியும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி
வழுக்கினேன், கொட்டாவி விட்டேன், பொய் சொன்னேன், ஏப்பம் விட்டேன்
என்று வாய்க்கு வந்த வினையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பதிவேட்டில் ‘கசிவு’ என்று எழுதியிருந்தேன்.
பொய். அடித்துவிட்டேன்.

இன்று மாலை ஆறு மணி. தங்கள் உத்தரவு.
ஏழு கண். ஏழு பூட்டு.
சாவி, தங்கள் மேஜை.
இனிமேல் அந்தக் கண்ணை நான்