பன்னிரண்டு நூல்

திபிலிசியில் டிசம்பர். ஸ்டூடியோவுக்குள்
விட்ட மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.
படத்தின் கதை இவ்வளவுதான்:
ஒருத்தி கின்காலி பிடிக்கிறாள்,
தின்றவன் அவள் மேல் பித்தாகிறான்.
முதலில் வில்லன் தின்கிறான், பிறகு வங்கி மேலாளர்,
தவறிப்போய் ஒரு பாதிரியார்.
தின்ன வேண்டியவனுக்கோ அன்றைக்கு வயிறு சரியில்லை.
இடைவேளை.

மாவை மடிப்பது கதாநாயகி இல்லை,
அவளுக்கு நகம் நீளம்.
குளோசப்பில் வரும் கைகள் வாஜாவுடையவை.
மயிர் மழித்து, நகத்தில் இளஞ்சிவப்பு தீட்டி
பத்தொன்பது மடிப்பு வைப்பான்,
உள்ளே இறைச்சிக்குப் பதில் பஞ்சு,
மேலே மினுக்க கிளிசரின்.
ஆவி வேண்டுமென்றால்
நனைத்த பஞ்சை மைக்ரோவேவில் சுட வைத்து
தட்டுக்குப் பின்னால் ஒளிப்பான்.

நான் நெஸ்டான். உத்தரத்துப் பலகையில்
குப்புறக் கிடந்து நூல் இழுப்பவள்.
பசி வந்தால் பத்தும் பறக்குமாம்.
எங்கள் படத்தில் பத்து பறக்க
பன்னிரண்டு நூல்.
இரண்டு, அறுந்தால் மாற்ற.

ஆறு வாரமாக அவன் முகத்தை
நான் சரியாகப் பார்த்ததில்லை.
மேலிருந்து தெரிவது உச்சிதான்.
இரட்டைச் சுழி.
இரண்டு கல்யாணம் என்றேன் லைட்மேன் கோச்சாவிடம்.
"ஒன்று ஆகி, முறிந்தும் போச்சு" என்றான்.
நான் பாக்கியைக் கணக்குப் போட்டுக்கொண்டு
நூலுக்கு மெழுகு தேய்த்தேன்.

பதினேழாவது டேக்.
இயக்குநர் மாரெக் அம்மா கம்பளிக்குள்ளிருந்து
"பற!" என்றார்.
இழுத்தேன். ஒன்பது எழும்பின.
பத்தாவதில் மட்டும் கனம்,
கிணற்று வாளி போல.
இன்னும் வலித்து இழுத்தேன்.
சட்டத்தின் ஓரத்தில்
வாஜாவின் ஏப்ரன் மெல்ல மெல்ல
கொடியேற்றம் மாதிரி மேலே போயிற்று,
முடிச்சு அவன் தாடை வரை வந்து நின்றது.
அவன் அண்ணாந்தான்.
ஓ, மூக்கு இப்படியா.

கட் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
சொன்னது மின்சாரம்.

நடிகர்கள் காரேறி ஹோட்டலுக்குப் போனார்கள்.
எங்களுக்கு வேன் வரவில்லை.
இருட்டில் வாஜா பையைத் திறந்தான்,
நிஜ இறைச்சி, நிஜ மிளகு,
கோச்சாவின் டார்ச் வெளிச்சத்தில் கேஸ் அடுப்பு.
"காம்பைப் பிடி, கவிழ்த்துக்கொள்,
ஓரத்தில் ஒரு சின்னக் கடி,
முதலில் சாறு" என்று பாடம் எடுத்தான்.
"பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறேன்,
நான் குட்டைசிக்காரி" என்றேன்.
சொல்லி முடிக்குமுன்
முழங்கை வரை வழிந்துவிட்டது சாறு.

உப்பு கொஞ்சம் கம்மி.
அதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

காம்பைத் தின்னக்கூடாது. தட்டில் விட வேண்டும்,
யார் எத்தனை என்று தெரிய.
நான் பதினொன்று விட்டேன்.
வெட்கமாகத்தான் இருந்தது, பசியும் இருந்தது.
திடீரென்று மின்சாரம் வந்தது.
எல்லாரும் குனிந்து எண்ணினார்கள்.
என் தட்டில் எட்டு.
வாஜாவின் தட்டில் மூன்று கூடுதல்,
அதில் இரண்டு
என் பல் பதிந்தவை.

நூல் இல்லை, நான் அப்போது தரையில் இருந்தேன்.
அவன் பாட்டுக்கு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
இளஞ்சிவப்பு நகங்களோடு.

படம் வந்தது. மாரெக் அம்மா
அந்தப் பதினேழாவது டேக்கையே வைத்திருக்கிறார்.
தியேட்டரில் எல்லார் கண்ணும் பறக்கிற பத்தில்,
முன்வரிசைப் பெண் மூக்கை உறிஞ்சுகிறாள்.
(பத்து இல்லை, ஒன்பது. ஒருவரும் எண்ணவில்லை.)
இடது ஓரத்தில் இரண்டே விநாடி
ஒரு ஏப்ரன் தானாக எழும்புகிறது.
நாங்கள் இருவர் மட்டும்
சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்க,
பின்வரிசைக்காரர் என் தோளைத் தட்டுகிறார்:
"உஷ்! மந்திரம் நடக்குது."