இரண்டாம் பதிவு

நொவீனா, ஒன்பதாம் மாடி. மணி மூன்றேகால்.
தொப்பியின் பத்தொன்பது ஓட்டைகளிலும்
ஊசியில்லாச் சிரிஞ்சால் பசை வைக்கிறேன்.
"சில்லுன்னு இருக்கு அக்கா" என்கிறான் ஷர்வின்.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்
இதே நாற்காலியில்
காலாங் ஆற்று நீர்நாய்களுக்கு
ஒவ்வொன்றாய்ப் பெயர் வைத்துக்கொண்டே
மூன்று கம்பிகளைப் பிடுங்கிப் போட்டவன்.

இன்று அசையவில்லை.
கண்ணை மூடு என்றதும் மூடுகிறான்.
ஆல்ஃபா எழுந்து வருகிறது, அடக்கமாக.
தீட்டா இறங்கியிருக்கிறது.
பீட்டா கொஞ்சம் ஏறியிருக்கிறது.
மாத்திரை கேட்கிறது என்று
கணினி சொல்லலாம், நான் சொல்லக் கூடாது.
எனக்கு அனுமதித்தவை
"அசையாதே", "முடிஞ்சிடுச்சு", "டாக்டர் சொல்வாங்க."

கண்ணாடிக்கு அப்பால் அவன் அம்மா,
அலுவலக அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்தவள்,
என் முகத்தைப் படிக்கிறாள்.
அதில் அலை எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

எட்டாம் நிமிடம்
நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் கரகரவென்று தடிக்கின்றன.
மூளை இல்லை, தசை.
மூடிய கண்ணோடு சிரிக்கிறான்.
"என்னடா?"
"அந்தக் கடைசிக் குட்டிக்கு இன்னும் பேர் வைக்கல."

விதிப்படி
அந்த நான்கு வினாடியைப்
பழுது என்று குறித்துக்
கணக்கிலிருந்து நீக்கினேன்.

தலையெல்லாம் பசையோடு லிஃப்ட் வாசலில்
அம்மாவிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தான்.
அவளும் ஒன்று சொன்னாள்.
கதவு மூடிவிட்டது,
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.