எட்டுக்கு நாலு

பலகை வாங்க வருகிறவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பார்கள்,
உள்ளே இருந்து யாரோ பதில் சொல்வதுபோல.
பிரிசில்லா தட்டவில்லை.
ஐந்து ரகத்திலும் தீப்பெட்டி அளவு துண்டு கேட்டாள்,
பால்பாயிண்ட்டில் ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதினாள்,
பையில் போட்டுக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
நாகலூருக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்ப்பேட்டையில் பதினோரு வருடமாக
எட்டுக்கு நாலு விற்கிறேன்.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்:
நிலைக்கு வேம்பு, கரையான் கசந்து ஓடும்,
கதவுக்குப் போட்டால் ஐப்பசியில் ஊதி மூட விடாது.
தேக்கு என்றால் வெள்ளையை ஒதுக்கி வைரத்தைப் பாருங்கள்.
சென்ட்ரிங் அடிக்க மா போதும்.
நீள அலமாரிக்கு பிளாக்போர்டு, நடுவில் தொய்யாது.
எம்டிஎஃப் வெண்ணெய்போல் வெட்டுப்படும்,
பெயின்ட்டை அழகாக வாங்கும்,
ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் மட்டும் உதடு பிளக்கும்.
பார்ட்டிகிள் போர்டு வாடகை வீட்டுக்கு.
வாடகை வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்,
பிறகு வாங்குவார்கள்.

பிளைவுட் பற்றி முதலாளிக்கு ஒரு பேச்சு உண்டு.
ஒரு தாள் நெடுக்கே, அடுத்தது குறுக்கே,
ஒன்று விரியப் பார்த்தால் மற்றது பிடித்து நிறுத்தும்,
"கூட்டுக் குடும்பம் சார்."
எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூவருக்கும்
ஒரே திசையில் ரேகை.
ஒரே வெயிலில் பிளந்தோம்.
பில் போடும் இடத்தில் அதை நான் சொல்வதில்லை.

திங்கள்கிழமை வந்தாள், எவர்சில்வர் டப்பாவோடு.
"எழுபத்திரண்டு மணி நேரம்.
காப்பி மிலார் வெச்சு எரிச்சேன்.
இட்லிப் பானை போச்சு."
கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தாள்.

ஒன்று, உப்புமா.
இரண்டு, டீயில் ஊறிய ரஸ்க்,
ஆறு நூல் கனம் ஒன்பதாகி இருந்தது.
மூன்று, கமர்ஷியல், மழையில் நனைந்த கணக்கு நோட்டு.
அது அப்படித்தான் ஆகும், சொல்லித்தான் விற்றேன்.
நான்கு கறுத்திருந்தது, பிரியவில்லை.
ஐந்தை அவள் ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினாள்.
நீல மையில் எழுநூற்றுப் பத்து என்று முத்திரை,
முத்திரைக்கு அடியில்
ஏழு தாளும் ஏழு பக்கம்.

"போன வருஷம் என் கெஸ்ட் ஹவுசுக்கு இதத்தான் குடுத்தீங்க.
மேகம் ஜன்னல் வழியா வந்து உக்கார்ற ஊருங்க அது.
பில்லுல உங்க கையெழுத்து. கு. மணிவாசகன்."

அந்த முத்திரை
குடோன் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது.
மை தீர்ந்தால் வாங்கி வருபவன் நான்.

ஆசாரி ஒருவர் வந்து அரைக் கிலோ ஆணி கேட்டார்.
நிறுத்துக் கொடுத்தேன், சில்லறை எண்ணினேன்,
இரண்டு முறை எண்ணினேன்.
அவள் காத்திருந்தாள்.

ஆறாவதாகவும் ஒன்றை எடுத்து வைத்தாள்.
எங்கள் கடைத் துண்டு அல்ல.
பட்டையில் மிளகுக் கொடி பற்றி ஏறிய தழும்பு,
காப்பிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக்.
கொதித்தும் கொஞ்சம் சிவந்ததோடு சரி.
"இத லாரியில ஏத்தி அனுப்புனது நான்.
உரிச்சு, தாளாக்கி, எனக்கே வித்திருக்கீங்க.
மரத்து மேல தப்பில்ல, பாத்துக்கங்க."

பசை, என்றேன்.
ஓரத்தில் ஏற்றிய ஸ்க்ரூபோல
என் குரல் பிடிப்பில்லாமல் சுற்றியது.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
நான்காம் ரகத்தில் பதினாறு பலகை,
பழைய பில்லைக் கழித்து, ஏற்றுகூலி எங்களுடையது என்று எழுதி,
கையெழுத்தைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டேன்.
கழித்த தொகைக்கு என்ன கணக்குச் சொல்வது,
இன்னும் தெரியவில்லை.

டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.
சாயங்காலம் ஷட்டர் இறக்கும் முன்
பல நாளாக ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழ்
ஐந்தாம் துண்டைச் செருகினேன்.
ஊதிய பிறகு
சரியான அளவு.