மூடி எழும்பியிருந்தது

அக்டோபர் முடிகையில் குத்தாயிசியில்
பால்கனிக்குப் பால்கனி
கண்ணாடிப் புட்டிகள் தலைகீழாய் நின்று
பழைய கம்பளி போர்த்தி ஆறும்.
கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி, பீன்ஸ்.
தெருவே வினிகரும் பூண்டுமாய் மணக்கும்.
எந்த வீட்டில் வினிகர் மணக்கவில்லை என்று
நான் மூக்கால் கணக்கெடுப்பேன்.
பதினெட்டு வருடம் தொற்றுநோய் வார்டில் நர்ஸ்.
எனக்குத்தான் ஓய்வு, மூக்குக்கு இல்லை.

நாஸிப்ரோலா வீட்டில் மணக்கவில்லை.
அவளுக்குப் புளிப்பு ஆகாது.
"உப்பும் கொதியும் போதும்,
வினிகர் ஊற்றினால் எல்லாக் காயும் ஒரே காய்" என்பாள்.
தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்து
கரண்ட் போன இரவிலும் மெழுகுவத்தி வைத்து
பீன்ஸ் நார் உரிப்பவள்.
மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து
ஒரு லிட்டர் புட்டி தந்தாள்;
விளிம்பில் பிறை அளவுக்குச் சின்னக் கீறல்.

மூன்று வாரம் கழித்து எடுத்தேன்.
மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
டக்கென்று உள்ளே போனது,
டக்கென்று திரும்பி வந்தது.

கெட்டிருந்தால் நாறுமே என்பார்கள்.
நாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.
காற்று நுழையாத இருட்டில்
ஆற அமர வேலை பார்க்கும் அது.
நாம் கொதிக்கவைக்கும் கொதி
அதன் விதைக்கு வெந்நீர்க் குளியல்.
புளிப்புக்குப் பயப்படும்,
பிரஷர் குக்கர் ஆவிக்குப் பயப்படும்,
பாசத்துக்குப் பயப்படாது.

பத்து நிமிடம் கொதித்தால் நச்சு சாகும்,
நானே பலருக்குச் சொன்னதுதான்.
எழும்பிய மூடியோடு மட்டும் பேரம் கிடையாது.
விரல் நுனியில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்ப்பதும் கிடையாது.

வார்டுக்கு வந்தவர்கள் முதலில்
வயிற்றைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.
"சிஸ்டர், கதவு இரண்டாகத் தெரிகிறது."
அப்புறம் இமை விழும்.
நாக்கு தடிக்கும்.
அறிவு மட்டும் விழித்திருக்க
மூச்சு படி படியாய் இறங்கும்.
ஒரு கல்யாண விருந்தின்
ஒரே மேசையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள்.
மாப்பிள்ளை காய்கறி தொடாதவன்.
ஆறு பேருக்கும் அவன்தான் கையெழுத்துப் போட்டான்.

புட்டியில் அடைக்கும் வித்தையே
படைகளின் பசிக்குப் பதிலாய் வந்தது.
பிரான்சில் ஒரு மிட்டாய்க்காரர்
தக்கையால் அடைத்து வேகவைத்தார், கெடவில்லை.
ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது.
உலகத்துக்குத் தெரியவர அரை நூற்றாண்டு ஆனது.
நாஸிப்ரோலாவை நான் எப்படிக் குறை சொல்ல?

இரண்டு பை போட்டுக் கட்டி,
முற்றத்து நாய்கள் கிழிக்காத ஆழத்தில்
புட்டியோடு குப்பையில் புதைத்தேன்.
மேடையைப் பிளீச் ஊற்றித் துடைத்தேன்.
வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்ப
எனக்குக் கை வராது.
சந்தையில் புதுப் புட்டி வாங்கி
வால்நட் நிரப்பி மாடியேறினேன்.

வால்நட்டை அவள் பார்க்கவில்லை.
விளிம்பில் விரல் ஓட்டினாள்,
ஒரு சுற்று,
இன்னொரு சுற்று.
"இது என் புட்டி இல்லையே."

உடைந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"மூடி எழும்பியிருந்தது" என்று வந்தது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
விரல் விட்டு எண்ணினாள்.
மொத்தம் ஒன்பது.
ஐந்து அலமாரியில்.
ஒன்று எனக்கு.
மூன்று பத்தூமியில், மகன் கோச்சாவின் அறையில்.

போன் அடித்தது, அடித்தது.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது,
இரண்டு பேரும் அணைக்கவில்லை.
பழக்கதோஷம், நான் அவள் இமையையே பார்த்திருந்தேன்.

ஏழாவது மணியில் எடுத்தான்.
"பீன்ஸா? அதை யார் தின்கிறார்கள் அம்மா.
போன வருடத்ததே கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
நான் கடையில் ரொட்டி வாங்கிக்கொள்கிறேன்."

போனை வைத்துவிட்டு
ஜன்னல் வழியே ரியோனி ஆற்றைப் பார்த்தாள்.
"கடவுளே, உனக்கு நன்றி" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"போன வருடத்ததுமா?" என்றாள்.